மல்வேர்னிலிருந்து பேர்பன் நாட்டுக்கு: இரண்டாவது மூக்கைத் தேடி நான்கு நாள்கள்

1998 ஒக்ரோபர் 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை அதிகாலை 3.40 மணிக்கு, ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியிலுள்ள எங்கள் வீட்டு வாசலிலிருந்து நானும் என் மனைவியின் தம்பி ரவியும் புறப்பட்டோம். திங்கட்கிழமை நன்றி நவிலல் விடுமுறை. வெள்ளிக்கிழமைக்கு நான் மூன்று வாரங்களுக்கு முன்பே எழுத்தில் விடுப்புக் கேட்டிருந்தேன். ரவி தான் வேலை செய்யும் பிட்சாக் கடைக்கு முதல்நாள் பின்னேரம்தான் தகவல் சொன்னான். இருவருக்கும் விடுப்புக் கிடைத்தது. இதிலிருந்து எந்த நீதியையும் நான் பெற முயலவில்லை.

போக நினைத்த இடம் கென்ரக்கி மாநிலத்தின் பாட்ஸ்ரவுன் என்ற சிற்றூர். பேர்பன் எனப்படும் அமெரிக்க விஸ்கியின் பெரும்பகுதி அந்த ஊரிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும்தான் வடிக்கப்படுகிறது. எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் "விஸ்கி வடிக்கிற ஊர் பார்க்க" என்று சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி குணரத்தினம்.

1975 முதல் 1983 வரை கொழும்புக்கு வெளியே ஒரு தென்னஞ்சாராய வடிசாலையின் ஆய்வுகூடத்தில் குணமும் நானும் இரசாயனவியலாளர்களாக வேலை செய்தோம். தினமும் காலை பத்து மணிக்கு ஒருவருக்கொருவர் முதுகு காட்டி அமர்ந்து, ஒரே பீப்பாவின் சாராயத்தை முகர்ந்து, ருசித்து, தனித்தனித் தாளில் எழுதுவோம். நிறம், மணம், நாக்கு, முடிவு (விழுங்கிய பின் தங்கும் மணம்) என்று நான்கு கட்டங்கள். எழுதி முடிக்கும்வரை பேச்சில்லை. பிறகு தாள்களை மாற்றிப் படித்து, ஒத்துப்போனால் இருவரும் கையெழுத்திடுவோம். விதி ஒன்றே ஒன்று: மணக்காததை எழுதக் கூடாது. எட்டு ஆண்டுகளில் எங்கள் தாள்கள் மாறுபட்ட நாள்களை என் விரல்களில் எண்ணிவிடலாம். 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவன் ஒரு கப்பலில் ஏறினான். நான் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து ரொறன்ரோ வந்து சேர்ந்தேன். பதினைந்து ஆண்டுகள் அவனைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அவனைக் கண்டுபிடித்தது ஒரு கார் நிறுத்துமிடத்தில். ஸ்காபரோவில் எங்கள் கலியாணங்கள் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது: மண்டபத்துக்குள் பாயாசம், வெளியே காரின் பின்பெட்டியில் ஸ்கொச். 98 மாசியில் அப்படி ஒரு பின்பெட்டியைச் சுற்றி ஆறு பேர் குளிரில் நின்றபோது, ஒருவர் ஒரு பேர்பன் போத்தலை எடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். "உது விஸ்கியோ? சோளத் தண்ணியெல்லோ!" என்றார் மற்றவர். போத்தல்காரர் தன்னைக் காத்துக்கொள்ளும் அவசரத்தில், "கென்ரக்கியிலை எங்கடை ஆள் ஒருத்தரே உந்தத் தொழிற்சாலையிலை வேலை செய்யிறார், கொழும்பிலை சாராயம் ருசி பாத்த மனுசன்" என்றார். நான் அவரிடம் முகவரி வாங்கினேன். கையுறை கழற்றி எழுதியதில் விரல் விறைத்ததை இன்னும் உணர்கிறேன்.

அதன்பின் மூன்று கடிதங்கள், நான்கு தொலைபேசி அழைப்புகள். ஆவணியில் ஒரு வாய்ப்பும் வந்தது. நான் இப்போது வேலை செய்யும் உணவு வாசனைச் சாறு தயாரிக்கும் தொழிற்சாலைக்கு, என்னோடு சேர்ந்து மணம் சோதிக்க இரண்டாவது மூக்கு ஒன்று தேவைப்பட்டது. எங்கள் முகாமையாளர் அம்மையார் என் எழுத்துச் சான்று போதும் என்றார். சான்று கிடைத்தால் வேலை உறுதிக் கடிதம் தருவார்; அந்தக் கடிதத்தோடு குணம் கனடாவுக்குக் குடியேற விண்ணப்பிக்கலாம். அவனுக்கு மனைவியோ பிள்ளைகளோ இல்லை. ரொறன்ரோவில் நான் இருக்கிறேன். ஒக்ரோபர் 13, செவ்வாய் காலை ஒன்பது மணிக்குள் சான்றைக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன். நேரில் சோதிக்காமல் எழுத முடியாது என்பதால்தான் இந்தப் பயணம். தொலைபேசியில் குணம் "வாவன், வந்து கதைப்பம்" என்று மட்டும் சொன்னான். "சாப்பாடு ஒண்டும் கட்டிக்கொண்டு வராதை" என்றும் சொன்னான்.

இனி வழி. மல்வேர்னிலிருந்து 401ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே வின்சர் நகரம் வரை 395 கிலோமீற்றர். நான் ஓட்டிய பகுதி முழுவதும் மணிக்கு 100 கிலோமீற்றர்தான். "அத்தான், பின்னாலை வாற லொறிக்காரன் எங்களைத் தள்ளிக்கொண்டு போகப் போறான்" என்றான் ரவி. லொறிக்காரர் அப்படிச் செய்யவில்லை. ஒன்ராறியோவின் லண்டன் நகரைத் தாண்டி 15 நிமிடம் நிறுத்திக் கோப்பி குடித்தோம். 7.52க்கு வின்சர்.

வின்சருக்கும் டிற்றொயிற்றுக்கும் நடுவில் ஓடும் ஆற்றின் மேல் பாலம். கட்டணம் 2 டொலர் 75 சதம். நடுப்பாலத்திலிருந்து பார்த்தால் ஆறு அவ்வளவு அகலமில்லை. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவைத் தடைசெய்திருந்த காலத்தில் இந்த ஆற்றைக் கடந்துதான் கனேடிய விஸ்கி போனது: கோடையில் படகில், மாரியில் உறைந்த ஆற்றின் மேல் காரில். அமெரிக்க விஸ்கியின் முதல் பெரிய முறிவு அதுவே. வடிசாலைகள் மூடின, ஒரு சிலவற்றுக்கு மட்டும் மருந்து என்ற பெயரில், வைத்தியரின் சீட்டுக்கு விற்க அனுமதி இருந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் நாக்கு அயலான் விஸ்கிக்குப் பழகிவிட்டது. பழகிய நாக்கைத் திருப்புவது, மூடிய வடிசாலையைத் திறப்பதைவிடக் கடினம்.

எல்லையில் அமெரிக்க அதிகாரி உணவு ஏதும் உண்டா என்று கேட்டார். என் மனைவி கட்டித் தந்த பதினான்கு மட்டன் ரோல்களை நான் உடனே அறிவித்தேன். அவர் அவற்றை எடுத்துக்கொண்டார். (இறைச்சி கொண்டுபோகக் கூடாது. மரக்கறி ரோல் கொண்டுபோங்கள்.)

"பொய் சொல்லச் சொல்லேல்லை அத்தான்," என்றான் ரவி, பாலம் இறங்கியதும். "ஆனா எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேணுமோ? ரெண்டு ரோலை நான் ஜாக்கெற்றுக்கை வைச்சிருப்பன்."

"பதினான்கு என்றால் பதினான்கு."

"அக்கா உங்களோடை எப்பிடித்தான் சீவிக்கிறாவோ."

டிற்றொயிற்றில் வேலைக்குப் போகிறவர்களின் நெரிசலில் இருபது நிமிடம் போயிற்று. பிறகு 75ஆம் நெடுஞ்சாலையில் நேரே தெற்கு: ரொலீடோ, டேற்றன், சின்சினாற்றி. பாலத்திலிருந்து சின்சினாற்றி வரை 420 கிலோமீற்றர். ஒஹாயோ ஆற்றைக் கடந்தால் கென்ரக்கி. அங்கிருந்து 71ஆம் நெடுஞ்சாலையில் லூயிவில் 160 கிலோமீற்றர், லூயிவில்லிலிருந்து பாட்ஸ்ரவுன் 63. கடைசி முப்பது கிலோமீற்றரில் மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. வயல்களுக்கு நடுவே ஆறேழு மாடி உயரத்தில், வரிசையாகச் சிறு யன்னல்களோடு, கறுத்துப்போன பெரும் கட்டடங்கள். "உது சிறைச்சாலையோ?" என்று ரவி கேட்டான். அவை பீப்பாக் கிடங்குகள். கிடங்கிலிருந்து ஆவியாகும் மதுவை உண்டு வாழும் ஒரு பூஞ்சணம்தான் அந்தக் கறுப்பு. பிற்பகல் 3.20க்கு ஊருக்குள் நுழைந்தோம். காரின் கணக்கில் 1,041 கிலோமீற்றர்.

குணம் வேலை முடிந்து ஐந்தரைக்குத்தான் வருவான் என்பதால், 3.30க்கு வேறொரு வடிசாலையின் இலவசச் சுற்றுலாவில் சேர்ந்தோம். வழிகாட்டியாக வந்த இளம்பெண் நன்றாகவே விளக்கினார். குடியேறிய விவசாயிகள் மிகுந்த சோளத்தை மலை கடத்திக் கொண்டுபோக முடியாமல் வடித்தார்கள். ஆற்று வழியே தெற்கே போன பீப்பாக்களில், உட்புறம் நெருப்பில் கருக்கியவற்றில் இருந்த மது செம்மை ஏறி இனித்தது என்கிறார்கள். யார் முதலில் கருக்கினார் என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை. சட்டம் மட்டும் தெளிவானது: தானியக் கலவையில் நூற்றுக்கு 51 பங்காவது சோளம், ஒவ்வொரு முறையும் கருக்கிய புதிய ஓக் பீப்பா. ஒரு தடவை பேர்பன் முதிர்ந்த பீப்பாவில் மறுதடவை பேர்பன் முதிர முடியாது. அந்தப் பழைய பீப்பாக்களில் பெருந்தொகை ஸ்கொட்லாந்துக்குப் போகிறது. அங்கே அவற்றில்தான் ஸ்கொச் முதிர்கிறது. கார்ப் பின்பெட்டி நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெறும் மதுசாரத்தில் புகையிலையும் உலர்பழச் சாறும் கலந்து விஸ்கி என்று விற்ற வணிகர்கள் இருந்தார்கள். அதைத் தடுக்க 1897இல் ஒரு சட்டம் வந்தது: ஒரே வடிசாலை, ஒரே பருவம், அரசின் பூட்டுப் போட்ட கிடங்கில் நான்கு ஆண்டுகள், சரியாக 50 வீத மதுசாரம். இவை அனைத்தும் பொருந்தினால்தான் முத்திரை. நான் படித்த சட்டங்களில் இதைப்போல் அழகானது வேறில்லை. கேட்டுக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் குணம் நின்றிருக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கு முன்பே அவன் "ஒரே பருவம்" என்ற சொல்லில் நின்றிருப்பான்.

சுற்றுலாவின் முடிவில் மேசையில் கண்ணாடிக் குவளைகள் வைத்திருந்தார்கள். ரவி முன்னால் போனான். உள்ளே எலுமிச்சைப் பானம். இந்த இடத்தில் விருந்தினருக்கு விஸ்கி ஊற்றச் சட்டம் இடம்கொடாது என்றார் வழிகாட்டி.

"அத்தான்," என்றான் ரவி தாழ்ந்த குரலில், "ஆயிரம் கிலோமீற்றர் வந்து தேசிக்காய்த் தண்ணியோ?"

"ஆயிரத்து நாற்பத்தொன்று."

ஐந்தரைக்குக் குணத்தின் வீட்டு வாசலில் நின்றோம். ஊர் விளிம்பில் ஒரு சிறிய மரவீடு, வாசலில் நான்கு சீமெந்துப் படிகள். கதவைத் திறந்தவனுக்குத் தலை முழுவதும் நரைத்திருந்தது. ஒரு கணம் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"டேய் சண், இன்னும் சட்டைப் பையிலை ரெண்டு பேனையோ?"

"ஒன்று சிவப்பு" என்றேன்.

அன்றிரவு அவனே சமைத்திருந்தான். சோறு, கோழி, பருப்பு. உப்பு மிகச் சரியாக இருந்தது. உறைப்பு கண்ணில் நீர் வரவைத்தது. ஆனால் கோழியில் கறுவாவோ ஏலமோ பெருஞ்சீரகமோ இல்லை. தனியாக வாழும் ஆண்களின் சமையல் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது தன் தொழிற்சாலையின் கதையைச் சொன்னான். "நான் வந்த காலம் விஸ்கிக்குச் சனி பிடிச்ச காலம். ஐம்பதுகளிலை, அறுபதுகளிலை இதுதான் ராசா. பிறகு பெடியள், அப்பன் குடிச்சதைத் தாங்கள் குடிக்க மாட்டம் எண்டு நிண்டிட்டாங்கள். எல்லாருக்கும் வொட்கா வேணும். நிறமும் இல்லை, மணமும் இல்லை, அதுதான் நாகரிகம்."

"கிடங்கு?"

"நிறைஞ்சு வழிஞ்சது. விஸ்கிக்கு அதுதான் கேடு: இண்டைக்கு வடிக்கிறதை எட்டு வரியத்துக்குப் பிறகு வாறவன் விரும்புவான் எண்டு நம்பி வடிக்க வேணும். அவன் விரும்பேல்லை. மூண்டு ஷிஃப்ட் ஒண்டாச்சு. பக்கத்து வடிசாலையள் சாமான் சட்டியோடை ஏலத்திலை போச்சு. இப்பதான் ஒரு ஏழெட்டு வரியமா மூச்சு வருது. ஒரு பீப்பாவிலை இருந்து மட்டும் எடுத்தது, கொஞ்சப் பீப்பாவை மட்டும் கலந்தது எண்டு நல்லதைத் தெரிஞ்சு விக்கினம். ஜப்பான்காரர் வந்து சந்தி சந்தியா பழைய கடையளிலை தூசி பிடிச்ச போத்தில் தேடுகினம்."

அதுபோன்ற போத்தல் ஒன்று அவனிடமும் இருந்தது. எழுபதுகளின் நடுவில் வடித்து எண்பதுகளின் தொடக்கத்தில் போத்தலில் அடைத்தது. வடிசாலை இப்போது இல்லை. நாட்டுப்புறக் கடை ஒன்றின் அடித்தட்டில் விலைச்சீட்டோடு கிடந்ததை ஒன்பது டொலருக்கு வாங்கியிருந்தான். "நாளைக்குப் பத்து மணிக்கு உடைப்பம். வழமை மாதிரி" என்றான்.

சனிக்கிழமை காலை வீட்டில் தேநீர் இல்லை. ருசி பார்க்கும் நாளில் பத்து மணிக்கு முன் தேநீர் குடிப்பதில்லை. மணமில்லாத சவர்க்காரம் வைத்திருந்தான். குசினி மேசையை யன்னல் பக்கமும், மடக்கு மேசை ஒன்றைச் சுவர்ப் பக்கமும் போட்டு, முதுகோடு முதுகாய் இரண்டு கதிரைகள். ரவி மணிக்கூட்டோடு நடுவில் நின்றான். "ஓ.எல். சோதினை மண்டபம் மாதிரிக் கிடக்கு. கொப்பி அடிச்சாப் பிடிப்பன்" என்றான்.

பத்து மணிக்குத் தொடங்கினோம். அந்த விஸ்கியின் நிறம் இறுகிய தேநீரின் நிறம். முகர்ந்தேன். கருக்கிய சீனி, அதன் கீழே காய்ந்த பழத்தோல், அதற்கும் கீழே சீவிய பென்சில். நான் எழுதிக்கொண்டே போனேன். முதுகுக்குப் பின்னால் அவனுடைய பேனை நகர்வது கேட்டது; பிறகு நின்றது. முன்பும் அவன்தான் முதலில் முடிப்பான். செவ்வாய்க்கிழமைச் சான்றின் வாசகத்தை மனத்துக்குள் அடுக்கத் தொடங்கியிருந்தேன். 10.18க்குத் திரும்பித் தாள்களை மாற்றிக்கொண்டோம்.

அவனுடைய தாளில் திகதி, நேரம், அறை வெப்பநிலை 20 பாகை. நிறம்: பழைய செப்புக் காசு. நாக்கு: இனிப்பு, சிறு கசப்பு, எரிவு. கையொப்பம். மணம் என்ற கட்டமும் முடிவு என்ற கட்டமும் வெறுமையாக இருந்தன.

"மூக்கு எங்கை?" என்று கேட்டேன்.

"அதுதான் இல்லை, சண்."

ரவி மணிக்கூட்டைக் கீழே வைத்தான்.

"போன வருசம் தை மாசம். வாசல் படியிலை ஐஸ். மல்லாக்க விழுந்து பின்மண்டை அடிபட்டுது. எழும்பிப் பாத்தா ஒண்டும் மணக்கேல்லை. ஆறு மாசம் பாப்பம் எண்டு டொக்டர் சொன்னார். இப்ப இருபத்தொரு மாசம். மூக்குப் போனதும் நானே போய்ச் சொல்லி, ஆய்வுகூடத்தை விட்டுக் கிடங்குக்கு வந்திட்டன். பீப்பா ஒழுகினாத் தட்டிப் பாத்துக் காதாலை கண்டுபிடிப்பன்."

"ஏன் போனில் சொல்லவில்லை?"

"சொன்னாலும் வந்திருப்பாய். ஆனா வருத்தக்காரனைப் பாக்கிற மாதிரி, அப்பிள் வாங்கிக்கொண்டு வந்திருப்பாய்." சிரித்தான். "ஒருக்காலாவது வழமை மாதிரி இருக்க வேணும் எண்டு நினைச்சன். கதிரையிலை இருந்தா ஏதும் வருமோ எண்டும் ஒரு நப்பாசை."

அப்போது நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "என் தாளைப் பார்த்து எழுது. நான் கையெழுத்திடுகிறேன். கடிதம் கிடைக்கட்டும். மிச்சத்தை அங்கே வந்து பார்ப்போம்."

குணம் என்னை உற்றுப் பார்த்தான். ரவியும் பார்த்தான்.

"தம்பி," என்றான் குணம் ரவியிடம், "உது சண்முகநாதன்தானோ, இல்லாட்டி எல்லையிலை ஆளை மாத்திப் போட்டாங்களோ?" பிறகு என் பக்கம் திரும்பினான். "முதல் கிழமையே பழுதாப் போன ஒரு பீப்பாச் சாறை நான் நல்லதெண்டு எழுதுவன். அதைப் பாலிலை கலந்து ஆரோ ஒரு பிள்ளை குடிக்கும். நீ பின்னாலை இருந்து ரெண்டு பேரின்ரை தாளையும் எத்தினை வரியத்துக்கு எழுதுவாய்?"

"வேறை வேலை இருக்குத்தானே அண்ணை," என்றான் ரவி. "எங்கடை பிட்சாக் கடையிலை கேக்கட்டே?"

"நல்ல யோசினை. மணம் தெரியாதவன் பிட்சா கொண்டுபோனா வழியிலை திறந்து தின்ன மாட்டான்."

ஆனால் பிட்சாக் கடையின் கடிதத்துக்குக் குடிவரவு அலுவலகம் கதவு திறக்காது. அது எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. "உன்னோடை ஒரு அறையிலை இருந்து வேலை செய்ய எனக்கு ஆசை இல்லையெண்டு நினையாதை" என்றான் குணம், தாளை மடித்தபடி. "அந்தக் கதிரை என்ரை இல்லை. அவ்வளவுதான்."

பிற்பகல் நானும் குணமும் மடக்கு மேசையை மடித்து வைத்தோம். ரவி மதுக்கடைக்குப் போய் வந்தான். பக்கத்துக் கவுண்டிகள் (மாவட்டங்கள்) சிலவற்றில் இன்றும் மது விற்கவே முடியாது; போகிறவர்கள் கவனிக்கவும். ஞாயிற்றுக்கிழமை பாட்ஸ்ரவுனிலும் விற்கவில்லை.

ஞாயிறு காலை 11 மணிக்குக் குணம் எங்களை ஊருக்கு வெளியே 19 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனான். முதல்நாள் நாங்கள் ருசித்த விஸ்கி வடிக்கப்பட்ட இடம். செங்கல் புகைபோக்கி நின்றது. வடிகலங்கள் இருந்த கட்டடத்துக்குக் கூரையில்லை. ஒரு கிடங்கு மட்டும் முழுதாக இருந்தது. நிலத்தை வாங்கிய விவசாயி அதில் உழவு இயந்திரங்களை நிறுத்துகிறார். அனுமதி உண்டா என்று கேட்டேன். "எனக்குத் தெரியும், நீ கேப்பாய்" என்று சொல்லி, அந்த விவசாயி எழுதிக்கொடுத்த துண்டை எடுத்துக் காட்டினான்.

உள்ளே இருள். பீப்பாக்கள் கிடந்த மரச்சட்டங்கள் மேலே மேலே ஏறிப் போயின, ஒன்றிலும் பீப்பா இல்லை. ஏலம் போய்ப் பதின்மூன்று ஆண்டுகள் என்றான். நடுவில் வந்து நின்றான்.

"இன்னும் மணக்குதோ?"

"வனிலா. கருக்கிய சீனி. ஓக்" என்றேன்.

"உது சுற்றுலாக்காரப் பிள்ளையள் சொல்லுறது. உனக்கு என்ன வந்தது?"

நான் கண்களை மூடிக்கொண்டு நின்றேன். முதலில் எந்திர எண்ணெய் வந்தது, பிறகு தூசி. இரண்டையும் ஒதுக்கி வைத்தேன். நெடுநேரம் ஒன்றும் இல்லை. வெளியே ரவி யாரோ ஒரு நாயோடு தமிழில் பேசுவது கேட்டது. பிறகு மரத்துக்குள்ளிருந்து மெல்ல ஒன்று வந்தது. அதற்குரிய தொழிற்சொல் எதுவும் என்னிடம் இல்லை.

"பூட்டி வைத்த அலுமாரி," என்றேன். "உள்ளே யாரோ ஒரு தோடம்பழத்தை வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி. பழம் இல்லை. அது இருந்த இடம் மணக்கிறது."

குணம் அசையாமல் நின்றான்.

"பச்சைத் தோடையோ, காய்ஞ்சதோ?"

"காய்ந்தது."

"தோல் மட்டுமோ?"

"தோல் மட்டும். கொஞ்சம் இனிப்பு. கிட்டப் போனால் இல்லாமல் போகிறது."

"ஓம்," என்றான், மிக மெதுவாக. "ஓம். அது எனக்குத் தெரியும்."

திங்கள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். அந்தப் பழைய போத்தலில் மிஞ்சியதைக் குணம் எனக்குத் தந்தான். அளந்து பார்த்தோம், 400 மில்லிலீற்றர். நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குமேல் வெளியே இருந்த ஒருவர் 1.14 லீற்றர் மதுவைத் தீர்வையின்றிக் கனடாவுக்குள் கொண்டுவரலாம். ரவி வாங்கியது 750 மில்லிலீற்றர் போத்தல்கள் இரண்டு. ஒன்றை என் பெயரில் சேர்க்கச் சொன்னான். என் பங்கில் மிஞ்சியது 740. பத்து மில்லிலீற்றர் மிகை என்று நான் வின்சரில் அறிவித்தேன். அதிகாரி என்னை நீண்டநேரம் பார்த்துவிட்டு, போகச் சொன்னார். "அவருக்கும் வீட்டிலை ஒரு அத்தான் இருப்பார்" என்றான் ரவி. (திறந்த போத்தல் காரின் பின்பெட்டியில்தான் இருக்க வேண்டும், ஒன்ராறியோவின் சட்டம்.) மாலை 6.25க்கு வீடு. மொத்தம் 2,196 கிலோமீற்றர். பெற்றோலுக்கு ஏறக்குறைய 80 கனேடிய டொலர்.

செவ்வாய் காலை 8.50க்கு முகாமையாளர் அம்மையாரிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: நேரில் சோதித்தேன், பரிந்துரைக்க இயலவில்லை. காரணம் கேட்டார். குணரத்தினம் மணக்காததை எழுத மாட்டார் என்று சொன்னேன். அது எப்படிக் குறையாகும் என்று அவருக்கு விளங்கவில்லை; விளக்க எனக்கும் இயலவில்லை. தையிலிருந்து இரண்டாவது மேசையில் ஓர் இளம்பெண் இருக்கிறார். கூர்மையான மூக்கு, நேர்மையான தாள்கள். காலை பத்து மணிக்கு நாங்கள் முதுகோடு முதுகாய் அமர்கிறோம். பின்னால் பேனை நிற்கும் ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பார்க்காமல் இருக்க முயல்கிறேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். குடியுரிமை அட்டையை மறவாதீர்கள். அகதிப் பயண ஆவணம் மட்டும் உள்ளவர்கள் முன்கூட்டியே விசா பெற வேண்டும். ஒக்ரோபர் நடுப்பகுதி சிறந்தது. பாட்ஸ்ரவுன் பெருந்தெருவில் 34 அமெரிக்க டொலருக்கு அறை உண்டு என்று பலகையில் கண்டேன். சனிக்கிழமைக்குள் வாங்க வேண்டியதை வாங்கிவிடுங்கள். பேர்பனைச் சோளத் தண்ணீர் என்று அங்கே சொல்லாதீர்கள். குடிக்காதவர்களும் கிடங்குகளுக்காகப் போகலாம்.

போவது உறுதியானால் எனக்கு எழுதுங்கள். அந்த ஊரில் எங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார். வழி சொல்லி அனுப்புகிறேன். தனியாக இருக்கிறார், ஆள் வந்தால் மகிழ்வார். சாப்பாடு கொண்டுபோகத் தேவையில்லை. உங்களைக் கிடங்குகளுக்குக் கூட்டிப்போவார், நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார். வனிலா என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். கண்ணை மூடி, வேண்டிய நேரம் எடுத்து, உங்களுக்கு உண்மையில் வந்தது எதுவோ அதை அவரிடம் சொல்லுங்கள். ஒன்றும் வராவிட்டால் அதையும் சொல்லுங்கள். அவர் கோபிக்க மாட்டார்.